கல்யாணப் படத்தில் ஈரம்

அண்ணன் இன்றைக்கும் சட்டையில்லாமல்தான் இருந்தான். தாடி கழுத்துக்குழி வரைக்கும் இறங்கியிருந்தது, தோளில் உப்புப் பூத்திருந்தது, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்திருந்தான். பக்கத்தில் மெலிட்டா மைனி கல்யாணப் பட்டோடும் தலையில் வெள்ளை நெட்டோடும், மூன்று வருஷத்துக்கு முன்னால் கேமராவைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்போடு, அவன் கை முன்பு இருந்த இடத்தில் இப்போது வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அம்மா, "வயித்தப் பாத்துச் சொல்லுட்டி, சாப்ட்டிருக்கானா?" என்று கேட்டாள். அம்மாவுக்குப் பின்னால் நிஜத்தில் நின்ற மைனி திரையைப் பார்க்கவேயில்லை. என் காதுக்குக் குனிந்து, "அந்த யெஸ்ஸ அழுத்தித் தொல ஜெனோ" என்றாள்.

யெஸ் என்றால் என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது.

என் பெயர் ஜெனோவா. வயது பதினெட்டு. பிளஸ் ஒன் பாதியில் நின்றவள். அண்ணன் கடலிலிருந்து வராததால் பிள்ளை படிப்பை விட்டுவிட்டது, பாவம் என்று ராயப்பன்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது பொய், நான் அதற்கு முன்பே நின்றுவிட்டேன். எனக்குக் கணக்கு ஏறவில்லை, கணக்கு மிஸ்ஸுக்கு என்னைக் கண்டால் ஆகாது, அவ்வளவுதான். நின்ற மறுவாரமே கோயில் தெருவிலுள்ள பெர்க்மான்ஸ் மாமாவின் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மாமாவிடம் இருபத்திரண்டு வருஷத்துப் படங்கள் பதினான்கு ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன. ஞானஸ்நானம், முதல் நன்மை, கல்யாணம், சப்பரம், அடக்கம் என்று ஊரே அதற்குள் நான்கு லட்சம் படமாகக் கிடந்தது, எது எங்கே இருக்கிறது என்று மாமாவுக்கே தெரியாது. அதற்காக ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார். அது பெரிய படத்தைத் தொடாது. பெரிய படம் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் தபால்தலை அளவுக்கு ஒரு சின்னப்படம் எடுத்து, எல்லாச் சின்னப்படத்தையும் ஒரே இடத்தில் அடுக்கிக் காட்டும். முகத்தை வைத்து ஆளைச் சேர்க்கும், பெயர் கேட்கும், ஃபோல்டரில் போடச் சொல்லும், லேபிள் ஒட்டச் சொல்லும். சின்னதை இரண்டு தடவை தட்டினால் பெரியது திறக்கும்.

அந்த வருஷம் கார்த்திகையில் புயல் வந்து, 'விடிவெள்ளி' படகில் போன ஏழு பேரும் வரவில்லை. எங்கள் அண்ணன் ரெக்ஸன் அதில் ஒருவன். கல்யாணமாகி எட்டு மாதம். மீன்துறை ஆபீசில் ஏழு பேருடைய போட்டோவும் கேட்கிறார்கள், எடுத்துக் கொடு என்று மாமா சொன்னார். முகத்தை வைத்துத் தேடி, ஆளுக்கு ஒரு படமாக ஏழையும் ஒன்றாகப் போட்டேன். என்ன லேபிள் என்று சாஃப்ட்வேர் கேட்டது. நினைவஞ்சலி போஸ்டருக்காக மாமா ஏற்கெனவே 'காலமானவர்' என்று ஒன்று வைத்திருந்தார், வெளியூர்க்காரன் யாராக இருந்தாலும் அதைத்தான் தொட்டிருப்பான். ஆனால் எங்கள் ஊரில், கடல் திருப்பித் தராதவனைச் செத்தான் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டோம், வரலை என்றுதான் சொல்வோம், உடம்பு வராமல் அடக்கம் இல்லை, அடக்கம் இல்லாமல் பெண்டாட்டி கழுத்துத் தாலி இறங்காது, அவன் தட்டை யாரும் எடுத்துப் புழங்க மாட்டார்கள், கல்லறைத் திருநாளுக்கு அவனுக்கு மெழுகுவர்த்தி கிடையாது. அதனால் நான் புதிதாக ஒரு லேபிள் அடித்தேன். 'வரலை'.

நான்காம் நாள் காலையில் ஏழு சின்னப்படமும் மாறியிருந்தன.

விக்டோரியா பெரியம்மையின் மகன் தொபியாசுக்கு நான் எடுத்துப் போட்டது பத்து வயதில் எடுத்த முதல் நன்மைப் படம், வெள்ளைச் சட்டையும் கையில் மெழுகுவர்த்தியுமாக முழங்காலில் நிற்பான். அதே இடத்தில், அதே முழங்காலில், பத்தொன்பது வயதுத் தொபியாஸ், வெடித்த உதட்டோடும் சிவந்த கண்ணோடும் எரிகிற மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். பெரியம்மை போட்டோ வாங்க வந்தவள் அதைப் பார்த்தாள். அலறவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சேலையில் துடைத்து மறுபடியும் பார்த்துவிட்டு, "தேங்காயெண்ண தடவுனா ஆறிரும், யாரு தடவுவா அங்க" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து ஏழு வீட்டுப் பெண்களும் காலைப் பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார்கள், வரும்போதே வரிசையில் யார் முன்னால் யார் பின்னால் என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள், நான் தாமதமாகக் கடை திறந்தால் சாமியார் பூசைக்குப் பிந்தினதைவிட மோசமாக என்னைத் திட்டினார்கள், தங்கள் ஆள் நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு மெலிந்திருக்கிறான் என்று விரற்கடையால் திரையில் அளந்தார்கள், அளந்த விரலின் எண்ணெயைத் துடைத்துத் துடைத்து எனக்குக் கை வலித்தது. செல்போனில் எடுத்தால் பழைய படம்தான் விழுந்தது. பிரிண்ட் போட்டாலும் பழைய படம்தான் வந்தது. சின்னப்படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்து மூக்கு எது வாய் எது என்று தெரியாமல் போனது. ஆபீசிலிருந்து வந்தவர் சரியாக இரண்டு தடவை தட்டிப் பெரிய படத்தைத் திறந்து, கோட்டுப் போட்ட மாப்பிள்ளையைப் பார்த்து, மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போனார். சாமியார் வந்து வெகுநேரம் பார்த்தார். "இதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு ஆயர் சொல்லுவாரு, அவரு சொல்லுததுக்கு முன்னாடி நானே சொல்லாம இருந்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு மானிட்டர் மேல் தீர்த்தம் தெளித்தார். மாமா பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

பார்ப்பதோடு நிற்கவில்லை. ஒரு நாள் பெரியம்மை என்னிடம், "ஏட்டி, இந்தப் பெட்டிக்குள்ள சந்தியாகப்பர் திருநாளுக்கு ஊருக்கே போடுத அசனச் சோத்துப் படம் கிடக்குல்லா, எம்புள்ளயத் தூக்கி அதுக்குப் பக்கத்துல போடு" என்றாள். ஃபோல்டர் மாற்றுவது என்ன பெரிய விஷயம், இழுத்துப் போட்டேன். மறுநாள் தொபியாஸின் தாடையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஐப்பசி மழைப் படங்களைத் தேடி எடுத்து ஏழு பேரையும் அந்த ஃபோல்டரில் போட்டேன், குடிதண்ணீர் வேண்டுமே. வெயில் ஏறினால் கல்யாணப் பந்தல் படங்களுக்குக் கீழே போட்டேன், நிழல் வேண்டுமே. பனிமாதத்தில் கம்பளிக் கடைத் திறப்புவிழாப் படங்களுக்குள் போட்டேன். படகில் போவதற்கு முன்பே பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களை ஒரே ஃபோல்டரில் போட்டதற்கு இரண்டு பெண்டாட்டிகளும் என் தலையில் ஏறினார்கள். "அங்கயாவது சும்மா கிடக்கட்டும்னு விட மாட்டியா நீ? தனித்தனியாப் போடுட்டி!" கல்லறைத் திருநாளுக்கு ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியபோது இந்த ஏழு வீட்டுக்காரர்களும், செத்தவர்களுக்குத்தான் மெழுகுவர்த்தி என்று பிடிவாதமாகக் கீபோர்டுக்கு முன்னால் தூண்டிலுக்குக் கொண்டுபோகிற எண்ணெய் விளக்கு ஏற்றி வைத்தார்கள். அதன் எண்ணெய் இறங்கி எஸ் என்ற எழுத்து இன்று வரைக்கும் அமுங்குவதில்லை.

இப்போது அந்த யெஸ். தினமும் காலையில் சாஃப்ட்வேரைத் திறந்ததும் நடுவில் ஒரு கட்டம் வந்து நிற்கும். சின்னப்படங்கள் கெட்டுப்போயிருக்கின்றன, பெரிய படங்களிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். இடது பக்கம் யெஸ். வலது பக்கம் நோ. யெஸ் கொடுத்தால் நான்கு லட்சம் சின்னப்படமும் பெரிய படத்தைப் போலவே ஆகிவிடும், அண்ணன் மழமழவென்று சவரம் செய்து கோட்டுக்குள் வந்துவிடுவான், தாடிக்காரன் போய்விடுவான், போனால் திரும்ப எடுக்க வழியில்லை. முதல் நாளே மாமா என்னிடம், "நோ குடு. நாளைக்கும் நோ குடு. நான் செத்தாலும் நோ குடு" என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷமாக நான் செய்கிற வேலையில் ஒழுங்காகச் செய்கிற வேலை அது ஒன்றுதான்.

பதின்மூன்றாவது மாதம் தொபியாஸ் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் மட்டும் இருந்தது, நடுவில் ஒரு கேள்விக்குறி. கோப்பைக் காணவில்லை என்று அர்த்தம். கோப்பு அங்கேயேதான் இருந்தது. "கரண்டு போயிருச்சாட்டி?" என்று பெரியம்மை கேட்டாள். நான் இரண்டு தடவை தட்டினேன். பெரிய படம் திறந்தது, பத்து வயதுப் பையன் மெழுகுவர்த்தியோடு. பெரியம்மை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது பழசு" என்றாள். எழுந்து போனாள். மறுநாள் உடம்புக்குப் பதிலாக அவனுடைய ஒரு ஜோடிச் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள், மணி அடித்தார்கள், ஊரே போய் மண் போட்டது.

பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. அசனச் சோறும் மழையும் பந்தலும் எதையும் நிறுத்தவில்லை, நான் எந்த ஃபோல்டரில் எதை மாற்றிப் போட்டாலும் மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு, சாம்பல் கட்டமாயிற்று, கட்டம் விழுந்த வீட்டில் ஒப்பாரி எழுந்தது, சட்டை அடக்கமாயிற்று, தாலி இறங்கிற்று. அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் பேசாத விஷயம். கட்டம் விழுந்த பெண்கள் வரிசைக்கு வருவதை நிறுத்தினார்கள். ஒருத்தி இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஒருத்தி அப்பா வீட்டுக்குப் போய், அங்கே அவளுக்கு மறுபடியும் கல்யாணம் நடந்தது. பெரியம்மை பகலில் வாசற்படியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவர்கள் முகத்தில் தூக்கம் வந்து சேர்ந்திருந்தது. ஊர் அவர்களைப் பாவம் என்று பார்த்தது. மைனி அவர்களைப் பார்த்ததை நான் பார்த்தேன். அது பாவம் என்கிற பார்வை இல்லை.

கடைசியில் அண்ணன் மட்டும் நின்றான்.

ஒருவன் மட்டும் நின்றதும் அவன் ஊருக்கு வேண்டியவன் ஆகிவிட்டான். கல்யாணப் பெண்கள் கோயிலுக்குப் போகிற வழியில் இறங்கி அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடலுக்குப் போகிறவர்கள் ஸ்டுடியோ வாசலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மைனியை எங்கே கண்டாலும் கைக்குழந்தையை நீட்டி, "தொட்டுக் குடும்மா, ஒம் மாங்கல்ய பலம்" என்றார்கள். மைனிக்கு இருபத்து நான்கு வயது. நர்சிங் படித்தவள். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "புருசன் தண்ணிக்குள்ள நிக்கான், இவ பஸ்ஸுல ஏறிச் சன்னலோரமா உக்காரப் போறாளாக்கும்" என்றாள். பிறகு அந்தக் கடிதத்தில் நெத்திலி மடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். நான் தடுக்கவில்லை. மைனி போய்விட்டால் பாத்திரம் எல்லாம் நான் கழுவ வேண்டும் என்றுதான் அப்போது தோன்றியது. உள்ளதைத்தான் சொல்கிறேன்.

சித்திரையில்தான் அதைக் கவனித்தேன். படத்தில் மைனியின் கல்யாணப் பட்டின் கரை கறுத்திருந்தது. அதுவரைக்கும் அவள் ஒரு நூல்கூட மாறியதில்லை, மாறுகிறவன் அண்ணன் மட்டும்தான். திரையில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். மறுநாள் கறுப்பு கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. அது ஈரம். வீட்டுக்கு வந்து பார்த்தால் மைனி மொட்டைமாடியில் சேலையைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வெயிலுக்குக் கருவாடே ஒரு பகலில் காயும், மைனியின் சேலைக் கரை மட்டும் காயவில்லை, காயாமலே அதில் வெள்ளையாக உப்புப் பூத்தது. "நம்ம அடிபம்புத் தண்ணி உப்பு" என்றாள் அம்மா. மைனி உட்கார்ந்து எழுந்த இடத்தில் ஈரம் இருந்தது. நடந்த இடத்தில் கால் பதிந்தது. ஊர்ப் பெண்கள் அந்த ஈரத்தைத் தொட்டுப் பிள்ளைகள் நெற்றியில் சிலுவை போட்டார்கள், யாரும் அவளுக்கு ஒரு துண்டு கொடுக்கவில்லை.

அவள் படம் பார்க்க வருவதை நிறுத்தவில்லை, அம்மா நிறுத்த விட மாட்டாள். ஆனால் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். என்னிடம் கேட்பாள்.

"எது வரைக்கும்ட்டி?"

"முட்டி."

"ம்."

அடுத்த வாரம், "எது வரைக்கும்?"

"தொடை."

"ம். நாலு நாளா மூச்சு வாங்குது, அதான் கேட்டேன்."

அப்புறம்தான் அந்தக் கை. இன்றைக்கு மூன்றாவது நாள். முதல் நாள் அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்ததும், "வெயில் மறைக்கான், பாவம் எம் மகன்" என்று அம்மா சொன்னாள். "ஆமாம்மா" என்றேன். அம்மா கடலைவிட்டு வெகுதூரத்துக் காட்டு ஊரில் பிறந்தவள், அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கடலில் இன்ஜின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது, எல்லாம் கைதான், கரையில் நிற்கிற சின்னப் பிள்ளைக்குக்கூட அந்தக் கையெல்லாம் தெரியும். கையை வட்டமாகச் சுற்றினால் வலையை இழு. ஒரு கையை உயர்த்தினால் நிறுத்து. வலை கடலடிப் பாறையான பாரில் மாட்டிக்கொண்டு படகையே சாய்த்து உள்ளே இழுக்கிறபோது, பின்னால் கத்தியோடு நிற்கிறவனைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைப்பார்கள். அறுத்து விடு என்று அர்த்தம். வலை போனால் போகட்டும், மிச்ச ஆளாவது பிழைக்கட்டும் என்று அர்த்தம்.

எட்டு மணிக்கு ஞாயிறு மறைக்கல்விக்கு மணி அடித்தது. அம்மா அதற்கு மெழுகுவர்த்தி எடுத்துக் கொடுக்கிறவள், திரையைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு எழுந்து போனாள். மாமா டீ குடிக்கப் போயிருந்தார். கட்டம் இன்னும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. நான் இன்றைக்கு இன்னும் நோ கொடுக்கவில்லை.

"எது வரைக்கும்?" என்றாள் மைனி.

"இடுப்பு."

"அழுத்துட்டி."

"அழுத்துனா அவன் போயிருவான் மைனி. கோட்டுப் போட்டவந்தான் வருவான்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்லுதியா?"

"நானா சொல்லுதேன்? மூணு நாளா அவன்லா கையத் தூக்கிக்கிட்டு நிக்கான். எங்க அப்பா படகுல வளந்தவ நான். எனக்கு அந்தக் கை தெரியாதாக்கும்?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "நீ பாக்கவே இல்லன்னு நெனச்சேன்" என்றேன்.

"கண்ண மூடுனாலும் தெரியுது."

"அப்ப நீயே அழுத்து. இந்தா மவுசு."

மைனி மவுசைப் பார்த்தாள். அவள் விரல் நுனியெல்லாம் வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது. "நான் அழுத்துனா புருசனக் கொன்னவ ஜெனோ. உங்கம்ம வாயில நான் சாகுத வரைக்கும் அதுதான். நீ அழுத்துனா கம்ப்யூட்டர் ரிப்பேரு. ஊரு ரெண்டு நாள் உன்னத் திட்டும், மூணாம் நாளு மீனு வெலையப் பேசப் போயிரும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நெஞ்சு வரைக்கும் வந்துட்டா என்னால பேச முடியுமான்னு தெரியல. அதுக்கு முன்னாடி கேட்டுட்டேன்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதை இந்த இடத்தில் எழுதிவைக்கிறேன். யெஸ் அழுத்தினால் அவள் சேலை காயும், அடக்கம் நடக்கும், அம்மா ஒரு மாதம் தரையில் உருண்டு அழுதுவிட்டுப் பெரியம்மையைப்போல வாசற்படியில் தூங்குவாள், மைனி பஸ்ஸில் சன்னலோரமாக உட்கார்ந்து கோயம்புத்தூருக்குப் போவாள், அண்ணன் கையை இறக்குவான். எனக்கு எல்லாம் தெரிந்தது. அப்புறம் நாளைக் காலையில் நான் கடையைத் திறந்தால் வரிசையில் யாரும் நிற்க மாட்டார்கள் என்பதும் தெரிந்தது. ஜெனோ வந்துட்டாளா, ஜெனோ திறந்துட்டாளா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிளஸ் ஒன் பாதியில் நின்ற ஒருத்தி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து யார் யாருடைய கல்யாணத்துக்கோ லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பாள். அதோடு, அண்ணன் என்னைப் பார்க்க மாட்டான். அந்தக் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை போட்டோக்காரரைத்தான் பார்க்கிறான். இவன் மூன்று நாளாக என்னைப் பார்க்கிறான்.

மவுசை யெஸ் மேல் கொண்டுபோய் வைத்தேன். மைனி என் தோளைப் பிடித்தாள், அவள் கையிலிருந்து வழிந்த தண்ணீர் என் சட்டைக்குள் முதுகுவழியே இறங்கியது, ஜில்லென்று இருந்தது, உப்பு வாடை அடித்தது. கட்டத்துக்குப் பின்னால் தபால்தலை அளவுக்கு அண்ணன் நின்றான். கை வலிக்குமே, இறக்கவேயில்லை.

அறுத்து விடு என்று அவன் சொன்னான். அழுத்து என்று அவள் சொன்னாள். நான் மவுசை வலது பக்கம் நகர்த்தி நோ கொடுத்தேன்.